மிச்சப் பெயின்ட்

பாத்து ஏறுங்க தம்பி. திரும்புற இடத்துல படி குறுகலா இருக்கும். பீரோ, கட்டில் எதுவும் இந்த வழியா ஏறாது, பால்கனி வழியா கயிறு கட்டித்தான் ஏத்தணும். இப்பவே சொல்லிடுறேன். அப்புறம் ஓனரம்மா சொல்லலைன்னு பேச்சு வரக்கூடாது.

இதுதான் ஹால். காத்து எப்படி வருது பாருங்க. உறையூர்ல இப்படிக் காத்து வர்ற மாடி கிடைக்கிறது கஷ்டம். கிச்சன் அந்தப் பக்கம். பாத்ரூம்ல ஒரு குழாய் லேசா சொட்டும், எங்க வீட்டுக்காரரு சரிபண்ணித் தர்றேன்னு சொல்லியிருக்காரு. அவரு சொல்லி ரொம்ப நாளாச்சு, அது கிடக்கட்டும்.

தரையையே பாக்குறீங்களே, என்ன கறைன்னுதானே? பெயின்ட்டு. தேய்ச்சாச்சு, சொரண்டியாச்சு, மண்ணெண்ணெய் ஊத்திப் பாத்தாச்சு, போகல. இதுக்கு முன்னாடி இருந்த பொண்ணு படம் வரையுறவ. ஜெசிந்தான்னு பேரு, தூத்துக்குடிக்காரி. இப்ப மெட்ராஸ்ல பெரிய ஆளு. நீங்க உள்ள வரும்போது நம்ம காம்பவுண்ட் சுவரு முன்னாடி ஒருத்தன் கேமராவோட நின்னான்ல? எல்லாம் அவ பண்ணுன வேலைதான்.

உக்காருங்க. வீடு எங்கயும் ஓடிடாது. ஏங்க, தம்பிக்கு ஒரு காபி... காதுல விழுந்திருக்காது. பேப்பர் படிக்க ஆரம்பிச்சா அவருக்குக் காது கேக்காது. நானே அப்புறம் போடுறேன்.

சுவருலேருந்து ஆரம்பிச்சாத்தான் உங்களுக்கு விளங்கும். எங்க வீடு முக்கு வீடு. மூணு ரோடு வந்து கூடுற இடம், பஸ்ஸு திரும்புற இடம். முக்கு வீடு வாங்குறப்ப ஒரு விஷயத்தை யாரும் சொல்றதில்ல தம்பி. வீடுதான் நமக்கு, சுவரு ஊருக்கு. செத்தவங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி, வயசுக்கு வந்த பொண்ணுக்கு வாழ்த்து, பத்தாம் வகுப்புல பெயிலானவங்களுக்கு டியூஷன், மூலத்துக்கு வைத்தியரு, எல்லாம் என் சுவத்துலதான். எலெக்‌ஷன் வந்தா கேக்கவே வேணாம். இன்னும் தேதியே அறிவிச்சிருக்க மாட்டாங்க, ராவோட ராவா வந்து சுண்ணாம்பு அடிச்சு, இந்தச் சுவரு எங்களுக்கு ரிசர்வுன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. என் சுவத்துல, எனக்கே இடம் கிடையாது.

'நோட்டீஸ் ஒட்டாதீர்'னு எழுதி வச்சேன். அது மேலயே நோட்டீஸ் ஒட்டுனாங்க. சரி, அசிங்கம் பண்றவனாவது நிக்கட்டும்னு சாமி படம் போட்ட டைல்ஸ் பதிச்சேன். பிள்ளையாரு, மாதா, பள்ளிவாசல், ஒருத்தரையும் விடல. என்ன நடந்துச்சு தெரியுமா? வந்தான் ஒருத்தன். பிள்ளையாருக்கு முன்னாடி நின்னு கன்னத்துல போட்டுக்கிட்டான். அப்புறம் ரெண்டடி தள்ளிப்போய் நின்னுக்கிட்டான்.

அதுக்கப்புறம்தான் நான் என் வழிக்கு வந்தேன். எங்க தெருவுல யார் வீட்டுல பெயின்ட் அடிச்சாலும் அடியில கொஞ்சம் மிஞ்சும். வச்சிருந்தா காஞ்சு போகும், ஊத்துனா சாக்கடை அடைக்கும். எல்லாத்தையும் எங்கிட்ட குடுத்துடணும்னு தெருவுக்கே சொல்லி வச்சுட்டேன். எதிர்வீட்டு பஷீர் பாய் பொண்ணு நிக்காவுக்கு அடிச்ச பீச் கலர் என்கிட்ட இருக்கு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நீலம் இருக்கு. பல் டாக்டர் க்ளினிக்ல அடிச்ச பிஸ்தா பச்சை இருக்கு. கோயில் காவி இருக்கு. மாடிப்படிக்குக் கீழ அடுக்கி வச்சிருக்கேன், இறங்கும்போது காட்டுறேன்.

காலையில எந்திரிச்சதும், மூஞ்சி கூட கழுவுறதில்ல, கண்ணாடியும் போடுறதில்ல, நேரா டப்பாவும் ரோலரும்தான். ராத்திரி எவன் என்ன ஒட்டியிருந்தாலும் கிழிக்க வர்றவரைக்கும் கிழிச்சுட்டு, வராததுக்கு மேல ஒரே இழுப்பு. கைக்கு எந்த டப்பா வருதோ அந்தக் கலர். அதுக்குன்னு உக்காந்து மேட்ச் பாக்க முடியுமா? அடிச்சு முடிச்சுட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு ஒரு பார்வை பாப்பேன் பாருங்க, அந்தச் சந்தோஷம் இருக்கே, அதுக்கப்புறம் குடிக்கிற காபிக்கு ருசியே தனி. எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு, 'தனபாக்கியம், எல்லையில கூட காலையில இவ்வளவு சீக்கிரம் சண்டையை ஆரம்பிக்க மாட்டாங்க'ன்னு. அவருக்கு எல்லாம் கிண்டல்தான்.

இப்படி இருக்குறப்பதான் ஜெசிந்தா வீடு கேட்டு வந்தா. தனியா இருக்குற பொண்ணு, அதுலயும் படம் வரையுறவ. யாரு வீடு குடுப்பா? நான் குடுத்தேன். பெரிய மனசுன்னு நினைச்சுடாதீங்க, சுயநலம்தான். மாடியில ஒரு ஓவியரு இருந்தா, கீழ சுவத்துல ஒரு சீனரி போட்டுத் தரமாட்டாளா? சீனரி இருந்தா எவனும் ஒட்ட மாட்டான்னு எனக்கு ஒரு நம்பிக்கை. சாவி குடுக்கும்போதே சொல்லிட்டேன். ரெண்டு மலை, நடுவுல சூரியன், கீழ காவேரி, அதுல ஒரு பரிசல், மேல நாலஞ்சு பறவை. மலைக்கோட்டை வந்தா இன்னும் விசேஷம். மெட்ராஸ்ல அடுக்குமாடி உசரத்துக்கு மூஞ்சி மூஞ்சியா வரையுறாங்களாமே, அப்படி என் மூஞ்சியைப் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லைன்னேன்.

அவ சிரிச்சுக்கிட்டே, "போட்டுருவோம்மா"ன்னா.

போட்டுருவோம், போட்டுருவோம்னு சொன்னாளே தவிர, ஒண்ணும் நடக்கல. சுவத்தை விடுங்க, மாடியிலயே ஒண்ணும் நடக்கல. சட்டத்துல துணி அடிச்சு வச்சிருப்பா, கதவு உசரத்துக்கு. அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. கடல் வரைவா, உப்பளம் வரைவா. 'அட, நல்லா இருக்கேடி'ன்னு நான் சொல்லி வாயை மூடலை, அது மேல வெள்ளையைப் பூசிடுவா. மறுபடி உக்காந்திருப்பா. நான் இட்லி கொண்டுபோனா இட்லி ஆறிப்போயிருக்கும், உப்புமா கொண்டுபோனா உப்புமா. காதல் தோல்வியோன்னு எனக்குச் சந்தேகம். சுத்தி வளைக்காம கேட்டுட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா"ன்னா. அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னா. மெட்ராஸ்ல ஒரு இடத்துல கண்காட்சிக்கு இவளுக்கு இடம் குடுத்திருக்காங்க. அவ அப்பா கறாரா சொல்லிட்டாராம். இந்த ஒரு தடவை பாரு, சரியா வரலைன்னா பிரஷ்ஷை மூட்டை கட்டிட்டு ஊருக்கு வந்து சித்தப்பாவோட கப்பல் ஏஜென்சியில உக்காந்துடணும்னு. இவளும் சரின்னு வாக்கு குடுத்துட்டு வந்திருக்கா. வாக்கு குடுத்தவளுக்குக் கை ஓடல.

எனக்குப் பாவமாப் போச்சு. வீட்டுல இருந்த பழைய காலண்டர் எல்லாத்தையும் கொண்டுபோய்க் குடுத்தேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு சீனரி, பாத்து அப்படியே போடுடின்னு. வாங்கி வச்சுக்கிட்டா. அந்த மரியாதை உண்டு அவளுக்கு.

ஒரு நாள் காலையில நான் சுவத்துல வேலையா இருக்கேன். மேல பால்கனியில நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கா, எனக்குத் தெரியாது. இறங்கி வந்து பக்கத்துல நின்னா.

"ஏம்மா இன்னைக்கு நீலம்?"

"மூடி திறக்க வந்தது அதுதான்டி."

"இந்த ஓரத்துல பழைய பீச்சை ஏன் விட்டு வச்சிருக்கீங்க?"

"கை எட்டல."

இதுக்குப் போய் அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சா. போனை எடுத்து ஒரு போட்டோ. மறுநாளும் வந்தா, இன்னொரு போட்டோ. தினமும் இதே வேலை. கார்ப்பரேஷன்ல புகார் குடுக்கப் போறாளோன்னு எங்க வீட்டுக்காரரைக் கேட்டேன். 'குடுத்தா நல்லதுதான், சுவத்தை அவங்க எடுத்துக்கட்டும்'னாரு. அவர்கிட்ட யோசனை கேட்டது என் தப்பு.

அப்புறம் அந்தப் பொண்ணு பண்ணுன கூத்து இருக்கே. போஸ்டர் ஒட்டுற ஆளுங்களோட சிநேகம் பிடிச்சுக்கிட்டா. அவங்க பின்னாடியே போறது, எப்படி ஒரே வீச்சுல மேலேருந்து கீழ பசையை இழுக்குறாங்கன்னு பாக்குறது. கட்சிக்கு எழுதுறவங்க நூல் பிடிச்சு கோடு போடுறதை வாயைப் பொளந்து பாக்குறது. பாலக்கரை, காந்தி மார்க்கெட், ஸ்ரீரங்கம்னு சுவரு சுவரா அலையுறது. ஒரு நாள் பாத்தா ஒரு வாளி மைதா பசையும், ஒரு கட்டு போஸ்டரும் தூக்கிக்கிட்டு மாடி ஏறுறா. எனக்கு வந்துச்சே கோபம்!

"ஏன்டி, நான் கீழ யார்கூட சண்டை போடுறேனோ அவங்களை எல்லாம் மாடிக்கே கூட்டிட்டு வந்துட்டியா?"

அன்னைக்குத்தான் உக்காந்து எனக்கு விளக்கம் சொன்னா. "காலேஜுல வெளிநாட்டுக்காரங்க படத்தைப் பாத்துத்தாம்மா படிச்சேன். ஆனா நான் சின்னப் பிள்ளையில முதல்ல பாத்த படம் எங்க ஊரு பஸ் ஸ்டாண்டு சுவருதான். தினமும் மாறும். முந்தின நாள் இருந்த முகத்துல பாதி கிழிஞ்சு, கண்ணு மட்டும் எட்டிப் பாக்கும். அதப் பாத்துத்தான் எனக்கு வரையணும்னு ஆசையே வந்துச்சு. அதப் போயி இவ்வளவு நாளும் மறந்துட்டேன். நீங்க ரோலரு போடுறதப் பாத்ததும் ஞாபகம் வந்துட்டும்மா."

எனக்கு ஒண்ணும் விளங்கல. ஆனா அவ சாப்பிட்டுக்கிட்டே பேசுனா, தட்டுல நாலு தோசை காலி. அதுவே போதும்னு விட்டுட்டேன்.

அதுக்கப்புறம் மாடியில ராப்பகலா வேலை. துணி மேல போஸ்டரை ஒட்டுவா, காயும் முன்னாடி பிய்ப்பா. பெயின்ட்டை இழுப்பா, சீப்பை வச்சுச் சொரண்டுவா, கரியால கிறுக்குவா, மறுபடி ஒட்டுவா. மைதா வாடை கீழ எங்க பூஜை ரூம் வரைக்கும் வரும். நான் போய்ப் பாத்தா, அச்சு அசல் என் சுவரு. விட்டா மூத்திர வாடையும் வந்துடும் போல இருக்குன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. ஒரு பொண்ணு மெனக்கெட்டு இதை வரையணுமா தம்பி? வாசல்ல இறங்குனா சும்மா பாக்கலாமே?

நடுவுல பொங்கல் வந்துச்சு. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்காம இருப்போமா? ஆளுக்குச் சொல்லி, சுவரு மொத்தமும் ஒரே க்ரீம் கலர் அடிச்சுடலாம்னு ஏற்பாடு பண்ணிட்டேன். ஜெசி ஓடி வந்து சுவத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டா.

"அழிச்சிராதீங்கம்மா. கண்காட்சி முடியுத வரைக்குமாவது விட்டு வைங்க. நான் தினமும் பாக்கணும்."

"பொங்கலுக்கு ஊரே பளிச்சுன்னு இருக்கும், என் சுவரு மட்டும் சொறி பிடிச்ச மாதிரி இருக்கணுமா?"

"உங்களுக்குச் சீனரி வேணுமா வேண்டாமா? இத விட்டு வச்சா, கண்காட்சி முடிஞ்சதும் நானே போட்டுத் தாரேன். மலை, சூரியன், பரிசல், எல்லாம்."

எப்படி மடக்குறா பாத்தீங்களா? விட்டுட்டேன். வந்த ஆளு கேட்டைத் தாண்டி உள்பக்கம் மட்டும் அடிச்சுட்டுப் போனாரு. அந்த க்ரீமும் அரை டப்பா மிச்சம்.

கண்காட்சி நெருங்க நெருங்க மறுபடி மூஞ்சி தொங்கிப் போச்சு. சின்னப் படம் எல்லாம் முடிச்சுட்டா. பெருசு ஒண்ணு, அதான் நடுவுல மாட்டப்போறது, அதைப் பாத்துப் பாத்து உதட்டைக் கடிக்கிறா. எனக்கு அதுல குறையே தெரியல. கிழிஞ்ச போஸ்டரு, கிறுக்கல், எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

"என்னடி குறை?"

"எல்லாம் இருக்கும்மா. ஆனா சுவரு மாதிரி இல்ல. சுவத்துல ரெண்டு பேரு மல்லுக்கு நிக்காங்க. ஒருத்தன் ஒட்டுதான், இன்னொருத்தரு அழிக்காங்க. இதுல நானே ஒட்டி, நானே பிய்க்கேன். சண்டையே இல்லம்மா இதுல."

"சண்டைதான் வேணும்னா எங்க வீட்டுக்காரரை அனுப்பவா?"ன்னு கேட்டேன். சிரிக்கல. எதுக்கும் சிரிக்கிறவ அவ. அன்னைக்கு ராத்திரி அவளுக்காக சமயபுரத்தாளுக்கு ஒரு ரூபா முடிஞ்சு வச்சேன்.

விடிஞ்சா டெம்போ வருது. மறுநாள் மெட்ராஸ்ல திறப்பு. இப்ப நீங்க கவனமாக் கேக்கணும் தம்பி, ஏன்னா இதுல தப்பு யாரு மேலன்னு நீங்கதான் சொல்லப்போறீங்க.

பெரிய படம் படி வழியா இறங்காது. அதனால விடியக்காலையில டெம்போக்காரரும் இவளும் சேந்து, பால்கனியிலேருந்து கயிறு கட்டி, சுவத்தைத் தாண்டி ரோட்டுப் பக்கம் இறக்கியிருக்காங்க. இறக்கி எங்க சாய்ச்சு வச்சிருக்காங்க? என் சுவத்துல. ஊர்ல வேற சுவரே இல்லாத மாதிரி. சாய்ச்சு வச்சுட்டு அந்த ஆளு டீ குடிக்கப் போயிட்டாரு. இவ மேல போர்வை எடுக்கப் போயிட்டா.

நான் என்னத்தைக் கண்டேன்? நான் பாட்டுக்கு எந்திரிச்சேன், டப்பாவை எடுத்தேன், கேட்டைத் திறந்தேன். பாத்தா, ஒரே ராத்திரியில இவ்வளவு பெரிய அக்கிரமம்! கதவு உசரத்துக்குப் போஸ்டர், அதுக்கு மேல கிறுக்கல். ஒருத்தன் இல்ல, பத்துப் பேரு கூடி வந்து ஒட்டியிருக்காங்கன்னு நினைச்சேன். வந்த ஆத்திரத்துல கிழிக்கக்கூட இல்ல தம்பி. ரோலரை முக்குனேன். வலது பக்கம் மேலேருந்து ஒரே இழுப்பு. பக்கத்துல இன்னொரு இழுப்பு. பல் டாக்டர் பச்சை. கை எட்டுற வரைக்கும் அடிச்சேன். அடிக்கும்போது சுவரு லேசா ஆடுச்சு. என்னடா சுவரு ஆடுதேன்னு நினைச்சேனே தவிர, எனக்குத் தோணல.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பாக்கலாம்னு திரும்புனா, கேட்டுக்கிட்ட ஜெசி நிக்கிறா. கையில போர்வை.  நான் அவளைப் பாத்தேன். சுவத்தைப் பாத்தேன். அப்பத்தான் அந்தச் சட்டத்தோட ஓரம் என் கண்ணுல பட்டுச்சு.

 இந்தப் பொண்ணோட பொழப்பே போச்சு, கப்பல் ஏஜென்சிதான்னு மனசு அடிச்சுக்குது. ஆனா வாயிலேருந்து என்ன வந்துச்சு தெரியுமா? "யாரைக் கேட்டு என் சுவத்துல சாய்ச்சே?"ன்னு வந்துச்சு. கேட்டது நியாயந்தானே? நீங்களே சொல்லுங்க. கண்காட்சியில மாட்டுறதைக் கொண்டுவந்து பஸ் ஸ்டாப்புல வச்சா, பஸ் ஸ்டாப்பு என்ன பண்ணும்?

அவ போர்வையைக் கீழ போட்டா. மெதுவா ரோட்டைத் தாண்டி, பஷீர் பாய் வீட்டு கேட்டுல முதுகை வச்சு நின்னு பாத்தா. நான் தினமும் நிக்கிற அதே இடம். பாத்தா, பாத்தா, பாத்துக்கிட்டே இருந்தா. அப்படியே சரிஞ்சு ரோட்டுல உக்காந்து சிரிக்க ஆரம்பிச்சுட்டா. கண்ணுல தண்ணி கொட்டுது, சிரிப்பு நிக்கல. பஷீர் பாய் லுங்கியோட ஓடி வந்து, "பாப்பாவுக்கு என்னாச்சு, தண்ணி கொண்டாங்க"ன்னு கத்துறாரு.

"அம்மா, இதத்தாம்மா தேடிக்கிட்டு இருந்தேன்!"னு சொல்றா. "துடைக்கவா?"ன்னு முந்தானையை எடுத்துக்கிட்டுப் போனேன். பாய்ஞ்சு வந்து என் கையைப் பிடிச்சா பாருங்க. "தொட்டீங்க, கொன்னுபோடுவேன்!" வாடகைக்கு இருக்குறவ ஓனரைப் பாத்துச் சொல்ற பேச்சா இது? அப்புறம் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அவ நைட்டியில எல்லாம் பச்சை, என் சேலையில எல்லாம் பச்சை.

எனக்குத் தெரியாதா தம்பி? பெரியவங்க மனசு நோகக்கூடாதுன்னு சமாளிக்கிறா. வேற என்ன சொல்லுவா, பாவம்? திருப்பி வரைய நேரமும் இல்ல. அப்படியே ஏத்திக்கிட்டுப் போயிட்டா.

எனக்கு அன்னைக்குப் பூரா சோறு இறங்கல. எங்க வீட்டுக்காரரே பேப்பரை மடிச்சு வச்சுட்டு, "கிளம்பு, போய்ப் பாத்துட்டே வந்துடலாம்"னாரு. அவரு வாயிலேருந்து அப்படி ஒரு நல்ல வார்த்தை வந்ததே அதிசயம். ராக்ஃபோர்ட் ரயில்ல டிக்கெட் கிடைச்சுது.

அந்த இடம் ஒரே குளிரு, ஏஸி. ஒருத்தரும் சத்தமாப் பேசல. நடுவுல நம்ம பெரிய படம். அது முன்னாடி கூட்டமா நிக்கிறாங்க. எனக்குப் பக்கத்துல போகவே கூச்சமா இருந்துச்சு, பச்சை பளிச்சுன்னு தெரியுது. ஒரு ஜிப்பாக்காரரு கூட வந்தவங்களுக்குச் சொல்றாரு, "இந்தப் பச்சை ஒரு மௌனம். எல்லாச் சத்தத்தையும் மூடுற மௌனம்." என்னால பொறுக்க முடியல. "மௌனமும் இல்ல ஒண்ணும் இல்லைங்க, பல் டாக்டர் க்ளினிக் பெயின்ட்டு. மிச்சம் இன்னும் என்கிட்ட இருக்கு"ன்னேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. எங்க வீட்டுக்காரரு யாரோ மாதிரி நகந்து போய் நின்னுக்கிட்டாரு.

படத்துக்குக் கீழ ஒரு சின்ன அட்டையில பேரு போட்டிருந்தாங்க. 'ஜெசிந்தா, தனபாக்கியம், உறையூர்'னு. வீட்டு ஓனர் பேரும் ஊரும் போடணும்னு அங்க ஒரு வழக்கம் போல. கேர் ஆஃப் மாதிரி. இருந்தாலும் பாக்க நல்லா இருந்துச்சு, ஒரு போட்டோ எடுத்துக்கிட்டேன்.

அவ அப்பா வந்திருந்தாரு. வெள்ளைச் சட்டை, கறுத்த உசரமான மனுஷன். ரொம்ப நேரம் அந்தப் படத்து முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. என்கிட்ட வந்து மெதுவா, "நீங்கதான் ஓனரம்மாவா? எனக்கு இது ஒண்ணும் பிடிபட மாட்டேங்கு. உங்களுக்கு விளங்குதா?"ன்னு கேட்டாரு.

"விளங்காம என்னங்க? எங்க வீட்டுச் சுவரு. அடையாளம் தெரியாம நானே ஒரு கோட்டிங் அடிச்சுட்டேன்னா பாத்துக்கங்களேன்."

"நெசமாவே சுவருன்னு நினைச்சா அடிச்சீங்க?"

"சத்தியமா."

அந்த மனுஷன் முதல்ல என்னைப் பாத்தாரு, அப்புறம் படத்தைப் பாத்தாரு. குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பிச்சாரு. அப்பத்தான் ஜெசி சிரிப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுது. மகளைக் கூப்பிட்டு, "சித்தப்பாட்ட ஏஜென்சிக்கு வேற ஆளு பாக்கச் சொல்லிருதேன்"னாரு.  ஜெசி அப்பா தோள்ல சாஞ்சுக்கிட்டா. நான் அழுதுட்டேன் தம்பி, ஒளிக்கிறதுல என்ன இருக்கு. அந்தப் படத்தை யாரோ வாங்கிட்டாங்களாம். என் பச்சையோட சேத்தே வாங்கிட்டாங்க, பாவம், கவனிச்சாங்களோ இல்லையோ.

அதுக்கப்புறம் அவளுக்கு மெட்ராஸ்ல வேலை செய்ய பெரிய ஷெட்டு கிடைச்சுது. காலி பண்ணிட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி வாக்கைக் காப்பாத்துனா. சுவரு மொத்தமும் சீனரி. நான் கேட்டபடி ரெண்டு மலை, காவேரி, பரிசல், பறவை. மலைக்கோட்டை கூட, உச்சிப் பிள்ளையார் வரைக்கும் படிப் படியா. சூரியன் மட்டும் கொஞ்சம் பெருசு. தெருவே வந்து பாத்துச்சு. பிள்ளைங்க முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துச்சுங்க. ஒருத்தன் ஒட்டல. ஒருத்தன் அசிங்கம் பண்ணல. நான் நினைச்சது நடந்துடுச்சு.

அவ கிளம்பிப் போன மறுநாள் காலையில எந்திரிச்சேன். டப்பாவை எடுத்துக்கிட்டு கீழ போனேன். பாத்தேன், சுத்தமா இருக்கு. திரும்பி வந்தேன். அடுத்த நாளும் சுத்தமா இருக்கு. காபியைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், காபி இறங்க மாட்டேங்குது. சக்கரை போட மறந்துட்டேன்னு நினைச்சேன். போட்டுத்தான் இருந்துச்சு. மாடியில ஜெசி நடக்குற சத்தமும் இல்ல. "உடம்புக்கு என்ன?"ன்னு எங்க வீட்டுக்காரரு நெத்தியைத் தொட்டுப் பாக்குறாரு. ஒண்ணும் இல்லைங்க, சும்மாதான் இருக்கேன்னு சொன்னேன். எனக்கு என்னன்னு எனக்கே தெரியல தம்பி. நான் கேட்ட சீனரிதானே?

அப்படி இருக்கையில ஒரு நாள் காலையில கேட்டைத் திறந்தேன். சரியா காவேரி நடுவுல, பரிசலுக்கு மேல, 'பத்தே நாளில் ஸ்போக்கன் இங்கிலீஷ்'! வாடா ராசான்னு எனக்கு வாயில வந்துடுச்சு. உள்ள ஓடினேன். அந்தப் பொங்கல் க்ரீமு இருந்துச்சுல்ல, கைக்கு வந்தது அதுதான். மேலேருந்து ஒரே இழுப்பு. காவேரியில கொஞ்சம் போச்சு, பரிசல்ல பாதி போச்சு. போனாப் போகுது, விட்டா ஊரே வந்து ஒட்டிடும்ல? அடிச்சுட்டு அந்தப் பக்கம் போய் நின்னு பாத்தேன். அன்னைக்குக் காபி எப்படி இருந்துச்சுங்கிறீங்க!

இருந்தாலும் அவ வரைஞ்சது ஆச்சே, மனசு கேக்கல. போன் பண்ணினேன்.

"ஜெசி, உன் காவேரியில க்ரீம் அடிச்சுட்டேன்டி."

 "எவ்வளவு தூரத்துக்கும்மா?"ன்னா.

"பாதிப் பரிசல் வரைக்கும்."

"நல்லா இருக்குமே! மீதியையும் அடிங்கம்மா. நிறுத்திராதீங்க. நான் மாசா மாசம் வந்து பாப்பேன்"னு சொல்லி அதே சிரிப்பு. வர்றா, மாசம் தவறாம வந்துடுறா. போட்டோ எடுத்துக்கிட்டு, தோசை சாப்பிட்டுட்டுப் போறா. போன மாசம் ஒரு மலை போச்சு, அதுக்கு முந்தின மாசம் பறவை எல்லாம் போச்சு. அந்தச் சூரியன் மட்டும் முக்கால்வாசி மிச்சம் இருக்கு. அதைத்தான் ஊர் ஊரா வந்து போட்டோ எடுக்குறாங்க. நல்லா வரைஞ்சிருக்கால்ல?

சரி, உங்க விஷயத்துக்கு வருவோம். நீங்க சைவமோ அசைவமோ எனக்குக் கவலை இல்ல. சொந்தக்காரங்க வந்து தங்கட்டும், ராத்திரி எத்தனை மணிக்கு வேணும்னாலும் வாங்க. தரைக் கறையைப் பாத்துட்டுத் தயங்காதீங்க, ஒரு பாயைப் போட்டா மறைஞ்சுடும். குடிவர்றதுக்கு முன்னாடி மாடி முழுக்க உங்களுக்குப் பிடிச்ச கலர் அடிச்சுக்கலாம். உங்க வீட்டுக்காரம்மாகிட்டயும் கேட்டுக்கங்க. நான் குறுக்க வரமாட்டேன். ஒரே ஒரு கண்டிஷன்தான், மிச்சத்தை எங்கிட்ட குடுத்துடணும்.

என்ன கலர் நினைச்சிருக்கீங்க?